ஏற்காட்டு ஏர் ஃப்ரையரும் விரல் மொத்தக் கிழங்கும்

கேள்வி: ஏற்காட்டுல ஸ்கூல் டீச்சரா இருக்கேன். ஏர் ஃப்ரையர் வாங்கி மூணு மாசம் ஆச்சு. கடையில விக்கிற உறைஞ்ச பாக்கெட் ஃப்ரைஸ் போட்டா அருமையா வருது. அதே மெஷின்ல நானே விரல் மொத்தத்துக்கு நறுக்கிப் போட்டா வெளியே தோல் மாதிரி இழுக்குது, ஓரம் கருகுது, நடுவுல நறுக்குன்னு இருக்கு. கீழ சேலத்துல எங்க அக்கா வீட்டுலயும் இதே மெஷின்தான். அங்க ஓரளவு வருது. எண்ணெயைக் கூட ஊத்தியும் பார்த்துட்டேன். எங்க தப்பு?

பதில்:

டீச்சரம்மா, பாதி பதிலை நீங்களே கேள்விக்குள்ள எழுதிட்டீங்க. பாக்கெட் நல்லா வருதுன்னா மெஷின்ல கோளாறு இல்ல. பாக்கெட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி அந்தக் கிழங்குக்கு ஏதோ நடந்திருக்கு, உங்க கிழங்குக்கு அது நடக்கல. அது என்னன்னு புரிஞ்சுட்டா மீதி எல்லாம் சுலபம்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. செவ்வாய்ப்பேட்டையில பதினெட்டு வருஷம் வறுவல் கடை வெச்சிருந்தேன். எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னு நின்னே முழங்கால் போச்சு. இப்ப கல்யாண ஆர்டர் மட்டும்தான். மருமக ஏர் ஃப்ரையர் வாங்கிட்டு வந்தப்ப அரை வருஷம் அந்தப் பக்கமே போகல. எண்ணெயைக் குறைங்கன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் வேற வழி இல்லாம தொட்டேன். நீங்க பண்ணின எல்லாத் தப்பையும் நானும் பண்ணியிருக்கேன். கூடுதலா ஒண்ணு ரெண்டு தப்பும் பண்ணினேன், அதையும் சொல்றேன்.

முதல்ல அந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். ‘ஃப்ரை’ங்கிறது பேருக்குத்தான். மேல ஒரு சூடேறுற கம்பிச்சுருள், அதுக்கு மேல ஒரு விசிறி, அவ்வளவுதான். சுடுகாத்தைச் சுத்தி அடிக்கிற குட்டி பேக்கரி அடுப்புன்னு வெச்சுக்கங்க. 2010-ல பெர்லின் கண்காட்சியில பிலிப்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்தினதும் இந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. காத்து எண்ணெயோட வேலையைச் செய்யும்னு நம்பித்தான் நாம ஏமாறுறோம். பேக்கரியில 200 டிகிரி அடுப்புக்குள்ள கையை விட்டு ட்ரேயை இழுக்கிறவரைப் பார்த்திருப்பீங்க. கை பொத்துப் போறதில்ல. அதே கையில ஒரு விரல் நுனியை 180 டிகிரி எண்ணெயில வைக்க முடியுமா? காத்து சூட்டைக் கஞ்சத்தனமாத்தான் கொடுக்கும், எண்ணெய் அள்ளிக் கொடுக்கும்.

அதனால எண்ணெய்ச் சட்டியில கிழங்கு விழுந்ததும் மேல்பக்கத் தண்ணி சடசடன்னு ஆவியாப் போயிடும், ரெண்டு மூணு நிமிஷத்துலயே ஓடு கட்டிடும். ஏர் ஃப்ரையர்ல அந்தத் தண்ணி மெதுவாத்தான் கிளம்பும். உள்ளே வேகுறதுக்குள்ள மேல்பக்கம் காய்ஞ்சு வத்திப்போயிடும். நீங்க சொல்ற ‘தோல்’ அதுதான், வெயில்ல போட்ட வத்தல் மாதிரி. மொத்தம் வேற சேர்ந்துட்டா சிக்கல் இன்னும் அதிகம். துண்டு ரெண்டு மடங்கு மொத்தமானா சூடு நடுவுக்குப் போய்ச் சேர ரெண்டு மடங்கு நேரம் போதாது, ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும். 8 மில்லிமீட்டர் குச்சிக்குச் சரியா வர்ற கணக்கை 15 மில்லிமீட்டருக்கு வெச்சா நடுவுல பச்சையாத்தான் நிக்கும்.

இப்ப பாக்கெட் கதை. ஃபேக்டரியில கிழங்கை நறுக்கி, வெந்நீர்ல அரைகுறையா வேகவெச்சு, சுடுகாத்துல உலர்த்தி, சில கம்பெனி மெல்லிசா ஸ்டார்ச் பூசி, சூடான எண்ணெயில ஒரு நிமிஷம் போல பொரிச்சு எடுத்து, அதுக்கப்புறம்தான் உறைய வைக்கிறாங்க. அதாவது உங்க வீட்டு மெஷினுக்கு வரும்போதே அது பாதி பொரிஞ்ச கிழங்கு. உறையிறப்போ உள்ளே ஐஸ் ஊசி ஊசியாக் குத்திக் கிழங்கோட சின்னச் சின்ன அறைகளை உடைச்சுடும், பின்னாடி தண்ணி வெளியேற அதுவே வழியாயிடும். மொறுமொறுப்புக்கான வேலை அத்தனையும் முன்னாடியே முடிஞ்சாச்சு. மெஷின் செய்யிறது முடிவுரை மட்டும்.

நீங்க வீட்டுல செய்ய வேண்டியதும் அதேதான். மொறுமொறுப்பை ஏர் ஃப்ரையர்ல தேடாதீங்க, அதுக்கு முன்னாடி அடுப்புல கொதிக்கிற தண்ணியில தேடுங்க. இங்கிலாந்துல ஹெஸ்டன் புளூமெந்தால்னு ஒரு சமையல்காரர் 1990-கள்ல மூணு தடவை வேகவைக்கிற மொத்தக் கிழங்கு வறுவல் ஒண்ணைக் கொண்டு வந்தார். முதல் தடவை தண்ணியில, கிழங்கு உடையப் போகுதுங்கிற நிலை வரைக்கும். பிறகு ஆறவெச்சு உலர்த்தி 130 டிகிரி எண்ணெயில ஒரு தடவை, மறுபடி ஆறவெச்சு 180 டிகிரியில ஒரு தடவை. அவர் எண்ணெயில செஞ்ச ரெண்டு கட்டத்தையும் நாம காத்துல செய்யப் போறோம். தண்ணிக் கட்டம் அப்படியே இருக்கட்டும்.

தண்ணிக்கு வர்றதுக்கு முன்னாடி கிழங்கு. இதுல பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. வடக்கே இருந்து வர்ற ஆக்ரா கிழங்கை மாசி பங்குனியில தோண்டி எடுத்து, குளிர்பதனக் கிடங்குல போட்டு, ஐப்பசி வரைக்கும் வெச்சு விப்பாங்க. அந்தக் கிடங்குல 2, 4 டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிர்ல கிழங்கு தன் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் சர்க்கரையா மாத்திக்கும். குழம்புக்குப் போட்டா ஒண்ணும் தெரியாது, லேசாத் தித்திக்கும், அவ்வளவுதான். வறுக்கும்போதுதான் வேஷம் கலையும். உள்ளே வேகாமலே வெளியே பழுப்பாகி, ஓரம் கருகும். நீங்க சொன்ன கருகல் பெரும்பாலும் இதுதான். சிப்ஸ் கம்பெனிகளுக்குப் போற கிழங்கைத் தனியா 10, 12 டிகிரியில வைக்கிறது இதுக்காகத்தான். அதனால பச்சைக் கிழங்கை ஃப்ரிட்ஜ்லயும் வைக்காதீங்க. ஏற்காட்டு மார்கழிக் குளிர்ல சமையலறை ஜன்னல் ஓரத்துல வைக்கிறதும் அவ்வளவு நல்லதில்ல.

உழவர் சந்தையில மண்ணோட கிடக்கிற ஊட்டிக் கிழங்கு கிடைச்சா எடுங்க. கிடங்குக்குப் போகாத புதுக் கிழங்குங்கிறதே அதோட பலம். இந்தூர்ப் பக்கத்துக் கிழங்கும் வறுவலுக்குப் பேர் போனது. எங்க கடைக்கு லீ பஜார்ல மூட்டை எடுக்கும்போது அதைத்தான் கேட்டு வாங்குவேன். ரகம் பேர் சொல்லிக் கேட்டா சந்தையில சிரிப்பாங்க. சிம்லாவுல இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வறுவலுக்குன்னே குஃப்ரி சிப்சோனா, குஃப்ரி ஃப்ரைசோனான்னு ரகங்களை வெளியிட்டிருக்கு. ஆனா சில்லறைக் கடையில அந்தப் பேரோட ஒரு கிழங்கு கூட நான் பார்த்ததில்ல.

அதுக்குப் பதிலா ஒரு சோதனை சொல்றேன். ஒரு லிட்டர் தண்ணியில 120 கிராம் உப்பைக் கரைச்சு, கிழங்கை ஒவ்வொண்ணா போடுங்க. மூழ்குற கிழங்கு மாவு நிறைஞ்சது, வறுவலுக்கு எடுங்க. மிதக்கிறதுல தண்ணி ஜாஸ்தி, அதைக் குருமாவுக்குத் தள்ளுங்க. கடையில நான் மூட்டைக்கு அஞ்சு கிழங்கு எடுத்து இப்படிப் போட்டுப் பார்த்துத்தான் விலை பேசுவேன். மூட்டைக்காரருக்குப் பிடிக்காது. பச்சை பிடிச்ச கிழங்கு மட்டும் எதுக்கும் வேண்டாம், அதுல விஷச்சத்து ஏறியிருக்கும்.

தோலைச் சீவி, 14 மில்லிமீட்டர் போல, அதாவது சுண்டுவிரல் மொத்தத்துக்கு நறுக்குங்க. எல்லாம் ஒரே மொத்தமா இருக்கணும், நீளம் எப்படி இருந்தாலும் பரவாயில்ல. ரெண்டு தண்ணி மாத்தி அலசினா மேல ஒட்டின மாவும் கொஞ்சம் சர்க்கரையும் போயிடும்.

இப்ப வேகவைக்கிறது. உங்க அக்கா வீட்டுல வந்து உங்க வீட்டுல வராததுக்குக் காரணம் பெரும்பாலும் இங்கதான் இருக்கு. சேலம் கடல்மட்டத்துல இருந்து 280 மீட்டர் போல உயரம். அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி நீங்க இருக்கிற இடம் 1500 மீட்டருக்கு மேல. மேல போகப் போகக் காத்தோட அழுத்தம் குறையும், தண்ணி சீக்கிரமே கொதிச்சுடும். சேலத்துல 99 டிகிரியில கொதிக்கிற தண்ணி ஏற்காட்டுல 95 டிகிரியிலயே குதிக்க ஆரம்பிச்சுடும். அதுக்கு மேல எவ்வளவு தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது, ஆவிதான் ஜாஸ்தியாகும். ஏற்காட்டுல குக்கர் இல்லாம பருப்பு வேகவெச்சவங்களுக்கு இது புதுசில்ல. நாலு டிகிரிதானேன்னு தோணும். ஆனா கிழங்கோட அறைகளை ஒட்டிப் பிடிச்சிருக்கிற பசை இளகுறது இந்த உச்சிச் சூட்டுலதான், அங்க நாலு டிகிரி பெரிசு. யூடியூப்ல பார்த்து ‘அஞ்சு நிமிஷம்’னு எடுத்திருப்பீங்க. அந்த அஞ்சு நிமிஷம் அக்காவோட அஞ்சு நிமிஷம்.

தண்ணியிலயும் வித்தியாசம் உண்டு. சேலத்துக்காரங்களுக்கு மேட்டூர் தண்ணி எது, போர் தண்ணி எதுன்னு நாக்குலயே தெரியும். போர் தண்ணியில சுண்ணாம்புச் சத்து இருக்கும், அது அந்தப் பசையை இன்னும் இறுக்கிடும். போர் தண்ணியில பருப்பு வேகாம அடம் பிடிக்கிறது இதனாலதான். கிழங்கும் அப்படித்தான் விறைச்சுக்கிட்டு நிக்கும். ஏற்காட்டுல உங்களுக்கு எந்தத் தண்ணி வருதோ, குடிக்கிற தண்ணியிலயே வேகவைங்க.

அளவு இதுதான். அரை கிலோ துண்டுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, ரெண்டு டீஸ்பூன் கல் உப்பு, அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. கிழங்கைப் பச்சைத் தண்ணியிலயே போட்டு அடுப்பை ஏத்துங்க. கொதிக்கிற தண்ணியில போட்டா ஓரம் கரைஞ்சு நடு அப்படியே நிக்கும். நல்லாக் கொதி வந்த பிறகு சேலத்துல நான் அஞ்சு நிமிஷம் விடுவேன். போன வருஷம் ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் கல்யாணத்துக்குச் சமைக்கப் போனப்ப அதே பதத்துக்கு எட்டு நிமிஷம் ஆச்சு. கடிகாரத்தை விட கத்தியை நம்புங்க. கத்தி முனை தடையில்லாம இறங்கணும். துண்டைத் தூக்கினா ஓரம் லேசாப் பிசிறணும். ஆனா உடையக்கூடாது. அந்த இடைவெளி ஒரு நிமிஷம்தான், அடுப்பை விட்டு நகராதீங்க.

சோடா எதுக்குன்னா, அது அந்தப் பசையை இளக்கி மேல்பக்கத்தை மட்டும் கூழாக்கும். அந்தக் கூழ்தான் பின்னாடி ஓடாகும். ஆனா அரை டீஸ்பூனுக்கு மேல போகாதீங்க. நான் ஒரு தடவை ‘இன்னும் கொஞ்சம் மொறுமொறுப்பா’ன்னு ரெண்டு டீஸ்பூன் போட்டேன். சோப்பைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. பேரன் ஒண்ணைக் கடிச்சுட்டு என் முகத்தைப் பார்த்தான் பாருங்க, இன்னும் மறக்கல. இன்னொண்ணு, சோடா போட்டா வறுக்கும்போது நிறம் சீக்கிரம் ஏறும். கிடங்குக் கிழங்குதான் கிடைச்சுதுன்னா சோடாவே வேண்டாம், ரெண்டு ஸ்பூன் வினிகர் விடுங்க. வினிகர் கிழங்கை உடையாம பிடிச்சுக்கும், நிறமும் அடங்கியே வரும். ஓடு கொஞ்சம் மெல்லிசா இருக்கும், அது போகட்டும்.

வடிகூடையில கொட்டி, தண்ணி வடிஞ்சதும் அப்படியே பத்துப் பன்னிரண்டு தடவை குலுக்குங்க. பயப்படாதீங்க. முதல் நாலு குலுக்கல்ல ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் துண்டோட முனை மழுங்கும். ஓரத்துல வெள்ளையா இட்லி மாவு பூசின மாதிரி ஒரு பசை படியும். விரலால தொட்டா சொரசொரன்னு, மணல் காகிதம் மாதிரி இருக்கும். வழவழன்னு இருக்கிற துண்டு மொறுக்காது, சொரசொரப்புதான் மொறுக்கும். இந்தப் படியைப் பார்க்காம நீங்க எவ்வளவு எண்ணெய் ஊத்தினாலும் வீண். எண்ணெய் ஒட்டிப் பிடிக்கவே அங்க இடம் இல்ல, கீழ வடிஞ்சு தட்டுல புகையும்.

அடுத்தது உலர்த்துறது. கீழ சேலத்துல சித்திரை மாசம்னா துணியில பரப்பி ஃபேனைப் போட்டா பத்து நிமிஷத்துல காய்ஞ்சுடும். உங்க ஊர்ல பனி இறங்கிச் சமையலறைக்குள்ளயே வர்ற நாள்ல ஃபேன் வெறும் ஈரக் காத்தைத்தான் வீசும். அங்க ரெண்டு வழி. ஒண்ணு, ஆவி அடங்கின துண்டுகளைத் தட்டுல பரப்பி மூடாம ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வைங்க. ஃப்ரிட்ஜுக்குள்ள காத்து வறண்டு இருக்கும். பச்சைக் கிழங்கை வைக்காதேன்னு சொன்னானே இவன்னு கேட்பீங்க. வெந்த கிழங்குக்கு அந்தப் பயம் இல்ல, சர்க்கரையா மாத்துற சமாச்சாரம் வேகும்போதே செத்துடும். ரெண்டாவது வழி, ஏர் ஃப்ரையரையே உலர்த்தியா வெச்சுக்கங்க. எண்ணெய் தடவாம 100 டிகிரியில ஆறு நிமிஷம் ஓட்டுங்க. மேல்பக்கம் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெளுத்து, கை வெச்சா ஒட்டாம இருக்கணும்.

எண்ணெய் அரை கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன். கடலெண்ணெய் போதும். கடைக்காரங்க ‘எண்ணெயே வேண்டாங்க’ன்னு சொல்லி விப்பாங்க, அது விக்கிறதுக்கான பேச்சு. சொட்டு எண்ணெய் இல்லாம செஞ்சா சுட்ட கிழங்குதான் கிடைக்கும். அந்த ஒரு ஸ்பூன் மேல்பக்கப் பசைக்குள்ள ஊறி அங்கேயே பொரியும்.

அந்த எண்ணெயில ரெண்டு டீஸ்பூன் மாவைக் குழைச்சுட்டு துண்டுகளைப் புரட்டுங்க. மாவைத் தனியாத் தூவினா விசிறிக் காத்துல பறந்து அங்கங்கே வெள்ளைத் திட்டாப் படியும். எந்த மாவுன்னா, நம்ம ஊர்க்காரன் பெருமையோட சொல்றேன், மரவள்ளி ஸ்டார்ச். குச்சிக்கிழங்கு விளையிற ஊர் இது. ஜவ்வரிசி ஆலைகளுக்குன்னே 1981-ல இருந்து சேகோசர்வ்னு ஒரு கூட்டுறவுச் சங்கம் சேலத்துல இருக்கு. இந்த ஊர்ல இருந்துட்டு பாக்கெட் கார்ன்ஃபிளவர் வாங்குறது, மாம்பழ சீசன்ல டின் ஜூஸ் குடிக்கிற மாதிரி. ஸ்டார்ச் கிடைக்கலைன்னா மாவு ஜவ்வரிசியை மிக்ஸியில பொடிச்சுச் சலிச்சு எடுத்துக்கங்க. நைலான் ஜவ்வரிசி வேண்டாம், அது வேற பதம். அதுவும் இல்லைன்னா பச்சரிசி மாவு. மரவள்ளி மாவுல ஓடு கண்ணாடி மாதிரி மெல்லிசா உடையும், அரிசி மாவுல கொஞ்சம் கடினமா முறுக்கு மாதிரி நிக்கும். எங்க வீட்டுல எனக்கு முன்னது, வீட்டுக்காரம்மாவுக்குப் பின்னது. கடலை மாவு மட்டும் போடாதீங்க, அப்புறம் அதுக்குப் பேரு பஜ்ஜி.

இனி மெஷின். வெறுமனே 200 டிகிரியில அஞ்சு நிமிஷம் ஓட்டிச் சூடேத்திக்கங்க. துண்டுகளை ஒத்தை வரிசையில, நடுவுல காத்து போக இடம் விட்டு அடுக்குங்க. நாலு லிட்டர் கூடைன்னா ஒரு தடவைக்கு 350 கிராமுக்கு மேல வேண்டாம். கூடை நிறையக் கொட்டினா துண்டுகள் ஒண்ணோட ஆவியில ஒண்ணு வெந்து, உங்களுக்குக் கிடைக்கிறது அவியல்தான். முதல்ல 160 டிகிரியில பன்னிரண்டு நிமிஷம். நிறம் ஏறாது, மேல லேசா விறைக்கும். வெளியே எடுத்து அஞ்சு நிமிஷம் ஆவி போக விடுங்க. அந்த அஞ்சு நிமிஷத்துல நடுவுல இருக்கிற ஈரம் வெளியே நகரும், அடுத்த சூட்டுல பறந்துடும். பிறகு 200 டிகிரியில எட்டுல இருந்து பத்து நிமிஷம், மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை உலுக்கி விடுங்க.

உலுக்கும்போது காதைக் கொடுங்க. பதம் வராத துண்டு கூடையில தொப் தொப்னு விழும். பதம் வந்துட்டா சத்தம் மாறும், சொளகுல புளியங்கொட்டையைக் கொட்டின மாதிரி கலகலன்னு கேட்கும். கடையில பெரிய சட்டி முன்னாடி புகையில நிறம் சரியாத் தெரியாது, ஜல்லிக்கரண்டியில அள்ளி உலுக்கிச் சத்தத்தை வெச்சுத்தான் இறக்குவோம். இந்த மெஷின்லயும் அதே காதுதான் வேலை செய்யுது. பொன்னிறம் தாண்டிப் பழுப்புக்குப் போக விடாதீங்க. கசப்பு ஒரு காரணம். மாவுப் பண்டத்தை அதிகம் சிவக்க வறுத்தா அக்ரிலமைடுங்கிற வேண்டாத பொருள் சேருதுன்னு 2002-ல சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டு சொன்னது இன்னொண்ணு. அலசுறதும் வேகவைக்கிறதும் அதையும் குறைக்கும்.

மலையில இன்னொரு விஷயம் பார்க்கணும், கரண்ட். சாயங்காலம் எல்லா வீட்டுலயும் ஹீட்டர் போடுற நேரம் வோல்டேஜ் இறங்குதான்னு கவனிங்க. 230-க்குப் பதில் 200 வந்தா 13 சதவீதம்தானே குறைவுன்னு நினைப்போம். கம்பிச்சுருள் அப்படிக் கணக்கு வைக்காது, 1500 வாட் மெஷின் 1130 வாட் சூடுதான் கொடுக்கும். முக்கால்வாசி. கூடையைத் திறந்து உலுக்கி மூடினா மறுபடி 200 டிகிரிக்கு ஏற ரொம்ப நேரம் எடுக்கும். அந்த மாதிரி நாள்ல குறைவாப் போட்டு, குறைவா உலுக்கி, ரெண்டு மூணு நிமிஷம் கூட்டுங்க. இல்லைன்னா மத்தியானமே செஞ்சு முடிங்க. ப்ளக் பெரிய ப்ளக்காத்தான் இருக்கணும். சின்ன 6 ஆம்பியர் பாயிண்ட்ல கன்வெர்ட்டர் மாட்டி ஓட்டாதீங்க, இந்த மெஷின் அதைத் தாண்டி இழுக்கும்.

நான் பண்ணின தப்பு இன்னும் ரெண்டு பாக்கி. அடியில போடுற காகிதத்தைக் கிழங்கு வைக்காம வெறும் கூடையில போட்டுச் சூடேத்தினேன். விசிறி அதைத் தூக்கிக் கம்பிச்சுருள்ல ஒட்டி, வீடு முழுக்கப் புகை. இன்னொண்ணு, டப்பாவுல வர்ற எண்ணெய் ஸ்ப்ரேயைக் கூடை மேலயே அடிச்சுக்கிட்டு இருந்தேன். அதுல எண்ணெயோட வேற பசையும் கலந்திருக்கும், அது கருகிப் படிஞ்சு தேய்க்கத் தேய்க்கக் கூடைப் பூச்சே உரிஞ்சு வந்துடுச்சு. மருமக ஒண்ணும் சொல்லல, புதுக் கூடை ஆர்டர் போட்டா.

உப்பும் மிளகாய்த்தூளும் இறக்கின பிறகுதான். முன்னாடியே போட்டா உப்பு ஈரத்தை இழுத்து ஓட்டைக் கெடுக்கும், மிளகாய்த்தூள் கருகி இருமல் வரும். பொடி உப்பாப் போடுங்க, கல் உப்பு கீழ உருண்டுடும். எடுத்ததும் தட்டுல குவிக்காதீங்க. கம்பி வலைத் தட்டுல பரப்பி வைங்க, இல்லைன்னா அடித்துண்டு மேல்துண்டோட ஆவியில நமத்துடும். உங்க ஊர்ப் பனிக்காத்துல பத்து நிமிஷம் தாண்டினா எல்லாமே நமத்துடும், அதனால குழந்தைகளை முதல்லயே உட்கார வெச்சுடுங்க. சாஸுக்குப் பதிலா நம்ம தட்டுவடை செட்டுக்கு வைக்கிற பூண்டு காரச் சட்னியையும் பச்சைச் சட்னியையும் வெச்சுப் பாருங்க. சேலத்துப் பிள்ளைங்க அப்புறம் தக்காளி சாஸ் கேட்காது.

வேலைக்குப் போற உங்களுக்குத் தினம் இவ்வளவு முடியாது, தெரியும். ஞாயித்துக்கிழமை ஒரு கிலோவை வேகவெச்சு, குலுக்கி, உலர்த்தி, மாவெண்ணெய் புரட்டி, தட்டுல ஒட்டாம பரப்பி ஃப்ரீசர்ல வைங்க. கல்லானதும் டப்பாவுல கொட்டி வெச்சுக்கங்க. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து நேரா எடுத்துப் போடலாம், பனி இளக விடக்கூடாது. 160 டிகிரியில பன்னிரண்டுக்குப் பதில் பதினாறு நிமிஷம், மீதி அதேபடி. ஐஸ் ஊசி வேலையைச் செஞ்சிருக்கும், அன்னன்னைக்குச் செஞ்சதை விட இது ஒரு படி மேலயே வரும். மிச்சம் இருந்தா மறுநாள் 180 டிகிரியில நாலு நிமிஷம் காட்டினா எழுந்துடும், மைக்ரோவேவ்ல வெச்சா ரப்பர்.

அக்காவுக்கு இதை அனுப்பும்போது அந்த எட்டு நிமிஷத்தை மட்டும் அஞ்சுன்னு திருத்தி அனுப்புங்க. சேலத்துல எட்டு நிமிஷம் வேகவெச்சாங்கன்னா, அன்னைக்கு ராத்திரி பூரிக்கு மசால் ரெடி.